டவரா, ரேஞ்சா?

திருவனந்தபுரத்தில் எந்தக் கம்பெனியின் சிம் கார்டு வாங்குவது என்ற சின்னக் கேள்வி எல்லை, மலை, கடல் என்று மூன்று பக்கமும் இழுத்துக்கொண்டு போகிறது.

நாகர்கோவிலிலிருந்து திருவனந்தபுரத்துக்குக் காலையில் போகும் ரயிலில் வேலைக்குப் போகிறவர்கள்தான் அதிகம். தலைமைச் செயலகத்தைச் சுற்றியுள்ள கடைகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் சாலைக் கம்போளத்திலும் வேலை பார்க்கிறவர்கள். குழித்துறை மேற்கு தாண்டி பாறசாலை வருவதற்குள் பெட்டியில் பாதிப் பேராவது கைபேசியை எடுத்து ஒருமுறை பார்த்துவிடுகிறார்கள். பேசிக்கொண்டிருப்பவர் "ஹலோ, ஹலோ" என்று குரலை உயர்த்துகிறார். சிலர் பேச்சைப் பாதியில் நிறுத்திவிட்டு, நெய்யாற்றின்கரை வந்ததும் பேசுவதாகச் சொல்லி வைத்துவிடுகிறார்கள். ரயிலுக்கு எல்லை கிடையாது. குமரி மாவட்டத்து ரயில் பாதையே ரயில்வேயின் திருவனந்தபுரம் கோட்டத்தில்தான் இருக்கிறது (அதைப் பற்றிக் குமரி மாவட்டத்தில் நெடுநாள் மனக்குறை உண்டு). கைபேசிக்கு மட்டும் பாறசாலையில் மாநிலம் மாறிவிடுகிறது.

தமிழ்நாட்டில் இந்தத் தொல்லைக்குப் பெயர் "டவர் கிடைக்கல". பாறசாலைக்கு அந்தப் பக்கம் அதே சங்கதி "ரேஞ்சில்லா". தமிழர் கண்ணுக்குத் தெரிகிற இரும்புக் கோபுரத்தைக் குறை சொல்கிறார். மலையாளி அந்தக் கோபுரம் எட்டுகிற தூரத்தைக் குறை சொல்கிறார். இரண்டு மொழியும் கலந்து புழங்கும் சாலைத் தெருக் கடைகளில் இரண்டு வார்த்தையும் ஒரே மூச்சில் வந்துவிடும். இந்த ஊரைப் பொறுத்தவரை மலையாளிகளின் சொல்தான் பொருத்தம். டவருக்கு இங்கே பஞ்சமில்லை. அது எதுவரை எட்டுகிறது என்பதில்தான் வம்பு.

சாலைக் கம்போளம் 18ஆம் நூற்றாண்டின் இறுதியில் திவான் ராஜா கேசவதாஸ் உண்டாக்கிய சந்தை. கிழக்கே கோட்டையிலிருந்து கிள்ளியாற்றை நோக்கிப் போகும் அந்தத் தெருவில் அரிசியும் பலசரக்கும் பாத்திரமும் பூவும் விற்கிறவர்களில் தமிழர்கள் கணிசம். அங்கேயே கடை வைத்துக்கொண்டு அந்தத் தெருவின் மனிதர்களைக் கதைகளாக்கியவர் ஆ. மாதவன். 2015இல் சாகித்திய அகாதெமி விருது பெற்ற அவர் 2021 ஜனவரியில் காலமானார். அவருடைய கதைகளில் வருகிற சாலைத் தெருவில் தகவல் என்பது ஆள் மூலம் வரும், சரக்கு லாரியோடு வரும், அவசரமென்றால் டிரங்க் காலில் வரும். தோவாளைப் பூவின் அன்றைய விலை தெரிய வேண்டுமானால் பூக்கூடை வந்து இறங்க வேண்டும். இன்று விடியற்காலையில் தோவாளைச் சந்தையில் பிச்சிப்பூ என்ன விலைக்குப் போகிறது என்பது பூ வண்டி ஏறுவதற்கு முன்பே சாலையில் தெரிந்துவிடுகிறது. ஓணம் வந்தால் அத்தப்பூக் கோலத்துக்கான பூவில் பெரும் பங்கு தோவாளை வழியாகத்தான் இந்த ஊருக்கு வருகிறது. அந்தப் பத்து நாளும் பூ வியாபாரியின் காதிலிருந்து போன் இறங்காது. அவரைப் போன்றவர்களுக்கு எந்தக் கம்பெனி என்பது விளம்பரத்தில் வரும் நடிகரைப் பொறுத்த விஷயமல்ல. கடையின் பின்கட்டில், மூட்டைகளுக்கு நடுவே பேச முடிகிறதா, மறுமுனையில் தோவாளை கேட்கிறதா என்பதுதான்.

கேரளத்தில் கைபேசி அறிமுகமான விதமே சுவாரஸ்யமானது. 1996 செப்டம்பர் 17 அன்று கொச்சியில் ஒரு ஓட்டலில் நடந்த விழாவில் முதல் அழைப்பைப் பேசியவர் தகழி சிவசங்கரப் பிள்ளை. மறுமுனையில் இருந்தவர் தென்பிராந்திய கடற்படைத் தளபதி. மந்திரியோ தொழிலதிபரோ இல்லாமல் ஒரு நாவலாசிரியரைக் கூப்பிட வேண்டும் என்று எஸ்கோடெல் கம்பெனிக்குத் தோன்றியது கேரளத்தில்தான் நடக்கும். இதற்கு ஓராண்டு முன்பு, 1995 ஜூலை 31 அன்று, நாட்டின் முதல் கைபேசி அழைப்பைக் கல்கத்தாவிலிருந்து பேசியவர் முதல்வர் ஜோதி பாசு. கேட்டவர் தொலைத்தொடர்பு மந்திரி சுக்ராம். தகழியின் 'செம்மீன்' மீனவர்களைப் பற்றிய நாவல். அதைத் தமிழில் தந்தவர் நாகர்கோவில்காரரான சுந்தர ராமசாமி. செம்மீனை எழுதியவர் தொடங்கி வைத்த அந்தக் கருவி பிற்பாடு கடற்கரையில் என்ன செய்தது, என்ன செய்யத் தவறியது என்பது தனிக் கதை. அது கடைசியில்.

எஸ்கோடெல்லுக்குப் போட்டியாக இருந்தது பி.பி.எல். மொபைல். வட்டத்துக்கு இரண்டு தனியார் கம்பெனி என்பது அன்றைய சட்டம். கட்டணத்தைக் கேட்டால் இன்றைய கல்லூரிப் பையன்கள் நம்ப மாட்டார்கள். பரபரப்பான நேரத்தில் நிமிடத்துக்கு ரூ. 16.80 வரை வாங்கலாம் என்று உரிமத்திலேயே இருந்தது. அதோடு வருகிற அழைப்புக்கும் காசு. யாரோ தவறான எண்ணைச் சுழற்றிவிட்டு "இது ஆஸ்பத்திரியா?" என்று கேட்டாலும் பில் எடுத்தவர் தலையில்தான். வளைகுடாவிலிருந்து விடுமுறையில் வந்தவரும் கட்டிட கான்ட்ராக்டரும் சில டாக்டர்களும் வைத்திருந்தார்கள். மற்றவர்களுக்கு மஞ்சள் போர்டு மாட்டிய எஸ்.டி.டி. பூத் இருந்தது. இரவு கட்டணம் குறையும் வரை காத்திருந்து பேசுகிறவர்களின் வரிசை தம்பானூர் பஸ் நிலையத்தைச் சுற்றி அந்நாளில் சகஜமான காட்சி.

பி.எஸ்.என்.எல். 2002 அக்டோபரில் செல்ஒன் சேவையுடன் வந்து சேர்ந்தபோதுதான் ஆட்டம் மாறியது. ஏறத்தாழ அதே காலத்தில் ஏர்டெல்லும் ரிலையன்ஸும் வந்தன. 2003 மே முதல் தேதியிலிருந்து வருகிற அழைப்பு இலவசம் என்றானது. மீன் விற்கிறவர், ஆட்டோ ஓட்டுநர், கூலி வேலைக்காரர் எல்லோர் கையிலும் போன் ஏறியது அதற்குப் பிறகுதான். பேசாமலே சேதி சொல்லும் மிஸ்டு கால் என்ற கலையும் அப்போது பிறந்தது. ஒரு மணி அடித்தால் வந்துவிட்டேன், இரண்டு மணி அடித்தால் சாப்பாடு வேண்டாம்.

அந்த நாட்களில் ஒருவருடைய எண்ணின் முதல் நான்கு இலக்கமே அவர் குலம் கோத்திரம் எல்லாம் சொல்லிவிடும். 9447 என்றால் பி.எஸ்.என்.எல்., பெரும்பாலும் அரசு ஊழியரோ ஆசிரியரோ. 9847 எஸ்கோடெல், 9846 பி.பி.எல்., 9895 ஏர்டெல். களியக்காவிளைக்கு இந்தப் பக்கம் வந்தால் 9443, 9842, 9843, 9894 என்று வேறு கோத்திரங்கள். எஸ்கோடெல்லை 2004இல் ஐடியா வாங்கியது. பி.பி.எல். ஹட்ச் ஆகி, 2007இல் வோடபோன் ஆனது. ஐடியாவும் வோடபோனும் 2018இல் ஒன்றாகி, 2020 செப்டம்பரிலிருந்து 'வி' என்ற ஒற்றை எழுத்தில் நிற்கின்றன. ஆக, 1996இல் கேரளத்தில் எதிரெதிராகக் கடை விரித்த இரண்டு கம்பெனிகளின் வாரிசுகளும் இன்று ஒரே வீட்டில். பி.பி.எல். மொபைலைத் தொடங்கிய ராஜீவ் சந்திரசேகர் 2024 மக்களவைத் தேர்தலில் இதே திருவனந்தபுரத்தில் பா.ஜ.க. வேட்பாளராக நின்று சசி தரூரிடம் 16,077 வாக்குகளில் தோற்றார். தொகுதியில் அவருக்கு வாக்களித்தவர்களில் எத்தனை பேருக்கு அந்தப் பழைய 9846 நினைவிருந்ததோ!

எண்ணை மாற்றாமல் கம்பெனியை மாற்றலாம் என்ற வசதி 2011 ஜனவரியில் நாடு முழுக்க வந்த பின் கோத்திரமெல்லாம் கலந்துவிட்டது. 9447 வைத்திருப்பவர் ஜியோவில் பேசுகிறார். ஆனால் அந்த எண்ணை மட்டும் விடமாட்டார்.

எல்லைக்காரர்களின் பாடு வேறு. தொலைத்தொடர்புத் துறை நாட்டை வட்டங்களாகப் பிரித்தபோது கேரள வட்டத்தில் லட்சத்தீவையும் மாஹேயையும் சேர்த்தது. களியக்காவிளையைத் தமிழ்நாட்டு வட்டத்தில் விட்டது. 1956 நவம்பர் முதல் தேதி மொழிவாரி மாநிலங்கள் அமைந்தபோது தோவாளை, அகஸ்தீஸ்வரம், கல்குளம், விளவங்கோடு நான்கு தாலுகாக்களும் அன்றைய சென்னை மாநிலத்துக்கு வந்தன. நெய்யாற்றின்கரை அந்தப் பக்கமே தங்கியது. கோடு போட்டவர்கள் ரேடியோ அலையைக் கலந்தாலோசிக்கவில்லை. களியக்காவிளைச் சந்தையில் நிற்பவரின் போனுக்குப் பாறசாலை டவர் பக்கத்தில் இருந்தால் அது பாறசாலையைத்தான் பிடித்துக்கொள்ளும். தன் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்துகொண்டே ஒருவர் வெளிமாநிலம் போய்விடுவார். ரோமிங் கட்டணம் ஏறும். ப்ரீபெய்டில் பத்து ரூபாய், இருபது ரூபாய் என்று போட்டுவைத்திருந்தவருக்குக் காசு எங்கே கரைந்தது என்றே தெரியாது.

இந்தப் பகுதி மக்கள் அதற்குக் கண்ட வழி இரண்டு சிம். முதலில் இரண்டு போன், பிறகு இரண்டு சிம் போடும் போன். குமரி மாவட்டத்துப் பெண்ணைத் திருவனந்தபுரத்தில் கட்டிக்கொடுத்த வீட்டில் அம்மாவிடம் ஒரு கேரள எண்ணும் இருக்கும், மகளிடம் ஒரு தமிழ்நாட்டு எண்ணும் இருக்கும். 2006 மார்ச்சில் பி.எஸ்.என்.எல். ஒரு ரூபாய்க்கு நாடு முழுக்கப் பேசலாம் என்றது பெரிய விடுதலை. 2015 ஜூன் 15 முதல் ரோமிங்கில் வரும் அழைப்பை இலவசமாக்கியதும் அந்தக் கம்பெனிதான். மறு மாதமே, ஜூலை 3இல், ஒரு வட்டத்து எண்ணை வேறு வட்டத்துக்குக் கொண்டுபோகலாம் என்றும் வந்தது. பெரிய தனியார் கம்பெனிகள் ரோமிங்கைக் கைவிட்டது 2017 ஏப்ரலில், ஜியோவின் அடி தாங்காமல். எல்லைக்கோடு அன்றோடு அழிந்திருக்க வேண்டும். இரண்டாவது சிம் மட்டும் போகவில்லை. காரணம் வேறாகிவிட்டது. முன்பு காசுக்காக வைத்திருந்ததை இப்போது ரேஞ்சுக்காக வைத்திருக்கிறார்கள். 2018 பிப்ரவரியில் தமிழ்நாட்டில் ஏர்செல் திடீரென்று படுத்துக்கொண்டு, கம்பெனி மாறுவதற்கான எண் கேட்டு ஜனங்கள் கடை கடையாக அலைந்தபோது குமரி மேற்கில் பலர் கவலைப்படாமல் இருந்ததற்குக் காரணம் பையில் இருந்த அந்தக் கேரள சிம்தான்.

இனி ஊருக்குள். திருவனந்தபுரம் தட்டையான ஊர் அல்ல. மேடும் பள்ளமுமாக, செம்பாறைக் குன்றுகளின் மேல் பரவிக் கிடக்கிறது. ஒரு தெரு உச்சியில் இருக்கும், அடுத்த தெரு இருபதடி, முப்பதடி பள்ளத்தில் இருக்கும். நடுவில் தென்னை, மா, பலா. கிழக்கே போகப் போக ரப்பர். குன்றின் மேல் நிற்கிற டவர் பார்வைக்கு வெகு அருகில் இருக்கும். பள்ளத்து வீட்டுக்கு அதன் அலை தலைக்கு மேலே போய்விடும். மழையில் ரேஞ்ச் போகிறது என்று இந்த ஊரில் எல்லோரும் சொல்வார்கள். மழைத்துளி இந்த அலைகளை அவ்வளவாகத் தடுப்பதில்லை. ஈரம் சொட்டும் இலைத் தழை ஓரளவு உறிஞ்சிக்கொள்கிறது. அதைவிட முக்கியம், மழையில் கரண்ட் போகிறது. டவரின் பாட்டரி தீர்ந்தால் ரேஞ்சும் போகிறது.

இன்னொரு எதிரி மாடியிலேயே இருக்கிறது. கேரளத்தில் கான்கிரீட் வீட்டின் மொட்டை மாடிக்கு மேல் இரும்புச் சட்டம் அடித்துத் தகரக் கூரை போடுவது இப்போது வழக்கம். மழை ஒழுக்குக்கும் வெயிலுக்கும் துணி உலர்த்துவதற்கும் நல்லதுதான். ரேடியோ அலைக்கு அது ஒரு மூடி. மேலே தகரம், கீழே கம்பி போட்ட கான்கிரீட், சுற்றிலும் செம்பாறைச் சுவர் என்று இருக்கிற வீட்டின் நடு அறையில் எந்தக் கம்பெனிக்கும் மூச்சு முட்டும். அந்த வீட்டுக்காரர் நாலு கம்பெனியையும் மாற்றிப் பார்த்துவிட்டு நாலும் மோசம் என்பார்.

ஆனாலும் கம்பெனிக்குக் கம்பெனி வித்தியாசம் இல்லாமல் இல்லை. அது அலைவரிசையில் இருக்கிறது. 900 மெகாஹெர்ட்ஸ் போன்ற தாழ்ந்த அலைவரிசை தூரமும் போகும், சுவரையும் துளைக்கும். 1800, 2300 என்று ஏற ஏற வேகம் கூடக் கிடைக்கும், ஆனால் தூரமும் துளைப்பும் குறையும். 900 யாருக்கு வாய்த்தது என்பது 1990களில் யார் முதலில் வந்தார்கள் என்பதைப் பொறுத்தது. கேரளத்தில் அது எஸ்கோடெல், பி.பி.எல். இரண்டுக்கும், பிறகு பி.எஸ்.என்.எல்லுக்கும் கிடைத்தது. நெடுங்காலம் கேரளம் ஐடியாவின் கோட்டையாக இருந்ததற்கும், பழைய கட்டிடங்களில் 'வி' இன்றும் எடுக்கிறது என்று சிலர் பிடிவாதமாக அதை விடாமல் இருப்பதற்கும் பின்னால் இந்தச் சரித்திரம் உண்டு. நான்காவதாக வந்த ஏர்டெல் 1800இல் தொடங்கி, தாழ்ந்த அலைவரிசையைப் பிற்பாடு ஏலத்தில் வாங்கிச் சேர்த்துக்கொண்டது. 2016இல் வந்த ஜியோ 850ஐ அடித்தளமாக வைத்து மேலே 1800ஐயும் 2300ஐயும் அடுக்கியது. 2022 ஏலத்தில் 5ஜிக்காக 700ஐயும் எடுத்தது. 5ஜியின் பிரதான அலைவரிசை 3300க்கு மேலே. அதன் அலைநீளம் ஒன்பது சென்டிமீட்டர் கூட இல்லை. கழக்கூட்டத்தில் டெக்னோபார்க் வாசலில் நின்றால் பறக்கும். லிஃப்டுக்குள் நுழைந்தால் தொலையும்.

சிம் கடைக்காரரிடம் எது நல்லது என்று கேட்டால், அனுபவசாலியாக இருந்தால், பதில் சொல்லாமல் வீடு எங்கே என்று எதிர்க் கேள்வி கேட்பார். அது வியாபார சாமர்த்தியமல்ல. போனில் தெரிகிற கோடுகளை நம்பியும் பயனில்லை. எத்தனை கோடு காட்டுவது என்பது ஒவ்வொரு கைபேசிக் கம்பெனியும் தன் இஷ்டத்துக்கு வைத்துக்கொண்ட கணக்கு. போனின் செட்டிங்ஸில் உள்ளே போனால் டெசிபல் கணக்கில் ஒரு எண் கிடைக்கும். மைனஸ் 80, 90 என்றால் சௌகரியம். மைனஸ் 115, 120 என்றால் வாசலுக்குப் போய்த்தான் பேச வேண்டும். கம்பெனிகள் தங்கள் சேவை எங்கெங்கே எட்டுகிறது என்ற வரைபடத்தைப் பகிரங்கமாக வெளியிட வேண்டும் என்று டிராய் 2024இல் கொண்டுவந்த விதி சொல்கிறது. அது உதவும். ஆனால் அந்த வரைபடத்துக்குத் தகரக் கூரை தெரியாது.

எனவே பலரும் செய்கிறபடி நண்பர்களின் சிம்மை ஒரு நாள் கடன் வாங்கிப் படுக்கையறையிலும் சமையலறையிலும் பேசிப் பார்ப்பதுதான் யோக்கியமான பரீட்சை. வீட்டில் பைபர் இணைப்பு இருந்தால் இந்தத் தொல்லையும் பாதியாகிவிடும். பி.எஸ்.என்.எல்., ஏஷியாநெட், கேரளா விஷன் என்று கேபிள்காரர்கள் மூலம் மூலைமுடுக்கெல்லாம் கம்பி வந்துவிட்ட ஊர் இது. வைஃபை வழியே சாதாரண அழைப்பைப் பேசும் வசதியைத் தனியார் கம்பெனிகள் 2019 கடைசியிலிருந்து ஒவ்வொன்றாகக் கொடுத்தன. தகரத்துக்குக் கீழே பேச்சு தரைவழியாக வந்து சேர்கிறது.

டவர் வேண்டும், ஆனால் என் வீட்டுப் பக்கத்தில் வேண்டாம் என்பதும் இங்கே கேட்கிற குரல். கதிர்வீச்சு பயத்தில் ஊர் கூடி டவர் வேலையை நிறுத்துவது கேரளத்தில் புதிதல்ல. சர்வதேச வரம்பில் பத்தில் ஒரு பங்குதான் இருக்கலாம் என்று இந்தியா 2012 செப்டம்பர் முதலே கடுமையான அளவு வைத்திருக்கிறது. அதைச் சொன்னாலும் பயம் போவதில்லை. டவரை விரட்டிய தெருவில் ரேஞ்ச் இல்லை என்ற புகார் அடுத்த மாதமே வரும். வேடிக்கை என்னவென்றால், டவர் தூரத்தில் இருந்தால் அதை எட்டுவதற்குக் காதோடு ஒட்டியிருக்கும் போன்தான் கூடுதல் சக்தியோடு வேலை செய்கிறது.

முழு ரேஞ்ச் இருந்தும் பேச முடியாத ஒரு நாள் உண்டு. மாசியில் வரும் ஆற்றுக்கால் பொங்கல். 2009இல் 25 லட்சம் பெண்கள் கூடியதாகக் கின்னஸ் பதிவு செய்த விழா. கோயிலைச் சுற்றிப் பல கிலோமீட்டருக்குத் தெருவெல்லாம் அடுப்பு. கூட்டத்தில் பிரிந்த அம்மாவும் மகளும் ஒரே நேரத்தில் ஒருவரையொருவர் கூப்பிட்டால் கோடு நாலும் இருக்கும், மணி மட்டும் அடிக்காது. டவரின் கொள்ளளவு தீர்ந்துபோயிருக்கும். பத்மநாபசுவாமி கோயிலில் அந்தப் பிரச்சினையே இல்லை. அங்கே போனுக்கே அனுமதி கிடையாது.

காசு விஷயத்துக்கு வந்தால் கம்பெனிகளுக்குள் வித்தியாசம் தேடுவது சிரமம். 2016 செப்டம்பரில் இலவசமாகத் தொடங்கி மற்றவர்களைத் தரையில் இறக்கிய ஜியோ உட்பட மூன்று தனியார் கம்பெனிகளும் 2019 டிசம்பர், 2021 கடைசி, 2024 ஜூலை என்று கிட்டத்தட்டக் கைகோர்த்தே விலை ஏற்றியிருக்கின்றன. 2024 ஜூலையில் ஏர்டெல்லும் 'வி'யும் 28 நாளுக்கான தொடக்கத் திட்டத்தை 179லிருந்து 199 ரூபாய் ஆக்கின. ஜியோ 155ஐ 189 ஆக்கியது. இருபத்தெட்டு நாள் என்பது ஒரு தந்திரம். வருஷத்துக்குப் பன்னிரண்டு மாதம், ரீசார்ஜ் மட்டும் பதின்மூன்று. முப்பது நாள் திட்டம் ஒன்றாவது வைத்தே ஆக வேண்டும் என்று 2022இல் டிராய் சொல்ல வேண்டி வந்தது. பேச மட்டும் போன் வைத்திருக்கிற வயதானவர்களிடம் வேண்டாத டேட்டாவைச் சேர்த்து விற்பதைப் பற்றியும் 2024 டிசம்பரில்தான் டிராய் வாய் திறந்தது. பேச்சுக்கும் குறுஞ்செய்திக்கும் மட்டுமான திட்டம் கட்டாயமானது. அதே சமயம் 1996ஐ மறந்துவிடவும் முடியாது. அன்றைய உச்ச விலையில் 199 ரூபாய்க்குப் பன்னிரண்டு நிமிடம்கூடப் பேச முடியாது.

2024 ஜூலையில் விலை ஏற்றாத ஒரே கம்பெனி பி.எஸ்.என்.எல். நாடெங்கும் ஜனங்கள் திரும்பிப் பார்த்தார்கள். கேரளத்தில் அதை முழுக்க மறந்தவர்கள் குறைவு, பி.எம்.ஜி. சந்திப்பில் தூர்சஞ்சார் பவனில் தலைமையகம் வைத்திருக்கும் கேரள வட்டம் அந்தக் கம்பெனிக்குக் கெட்ட காலத்திலும் கைகொடுத்தது. ஆனால் மற்றவர்கள் 5ஜிக்குப் போய்விட்ட பிறகும் அது 3ஜியோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தது. சி-டாட், தேஜஸ், டி.சி.எஸ். மூன்றும் சேர்ந்து உள்நாட்டிலேயே உருவாக்கிய 4ஜியைப் பிரதமர் 2025 செப்டம்பர் 27 அன்று தொடங்கி வைத்தார். இதற்கிடையில் கடனில் மூழ்கிய 'வி'யின் நிலுவைகளைப் பங்குகளாக மாற்றியதில் 2025 ஏப்ரலில் அதன் 49 சதவீதமும் மத்திய அரசின் கைக்கு வந்தது. நிர்வாகம் தனியாரிடம் என்றாலும், நாலு கம்பெனியில் ஒன்றரை அரசாங்கத்துடையது. தாராளமயம் சுற்றி வந்து நிற்கும் இடத்தைத் தூர்சஞ்சார் பவனின் பழைய தொழிற்சங்கக்காரர்கள் ரசிக்கக்கூடும்.

கிழக்கே போனால் ஒப்பிடும் வேலையே மிச்சம். கோட்டூர், விதுரை தாண்டி அகத்தியமலைக் காட்டுக்குள் காணிக்காரர்களின் குடியிருப்புகள் இருக்கின்றன. ஆரோக்கியப்பச்சை என்ற மூலிகையை உலகுக்குக் காட்டிக்கொடுத்தவர்கள் இவர்கள். 2020 ஜூன் முதல் தேதி கேரள அரசு விக்டர்ஸ் டிவி மூலம் வகுப்புகள் தொடங்கியபோது இங்கே எந்தப் பாறையில் நின்றால் ஒரு கோடு வரும் என்பது பிள்ளைகளுக்குப் பாடமானது. காடு பாதுகாக்கப்பட்டது, டவர் வைக்கவும் மின்கம்பி இழுக்கவும் வனத்துறை அனுமதி வேண்டும். வைத்தாலும் லாபம் வராது என்பதால் தனியார் வரமாட்டார்கள். நாட்டில் இப்படி விடுபட்ட 24,680 கிராமங்களுக்கு 4ஜி கொடுக்க 2022 ஜூலையில் மத்திய அமைச்சரவை ரூ. 26,316 கோடி ஒதுக்கியபோது அந்தப் பொறுப்பு பி.எஸ்.என்.எல். தலையில்தான் விழுந்தது.

மேற்கே கடல்.

கைபேசி மீனவர்களுக்கு என்ன செய்தது என்று பொருளாதார மாணவர்கள் படிக்கும் பாடமே கேரளக் கடற்கரையிலிருந்து போனது. காசர்கோடு, கண்ணூர், கோழிக்கோடு கரைகளில் 1997க்கும் 2001க்கும் இடையே டவர்கள் வந்ததைத் தொடர்ந்து என்ன நடந்தது என்று ராபர்ட் ஜென்சன் என்ற அமெரிக்கப் பொருளாதார அறிஞர் ஆராய்ந்தார். 2007இல் அது வெளியானது. அதற்கு முன்பு ஒரு கரையில் மத்தி வாங்க ஆளின்றிக் கடலில் கொட்டுவார்கள். சில மைல் தள்ளி இன்னொரு கரையில் மத்தி கிடைக்காது. பிடித்ததில் ஐந்து முதல் எட்டு சதவீதம் வரை இப்படி வீணாகிக்கொண்டிருந்தது. போன் வந்தபின் கடலிலிருந்தே விலை கேட்டுக் கரையைத் தேர்ந்தெடுத்தார்கள். வீணாவது நின்றது, மீனவரின் லாபம் சுமார் 8 சதவீதம் கூடியது, வாங்குகிறவருக்கு விலை 4 சதவீதம் குறைந்தது. தகழி கேட்டிருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார். 1999இலேயே அவர் போய்விட்டார்.

அந்த ஆராய்ச்சியிலேயே ஓர் எல்லையும் இருந்தது. டவரின் அலை கடலுக்குள் இருபது, இருபத்தைந்து கிலோமீட்டர்தான் எட்டும். தடுக்க மரமோ குன்றோ இல்லாததால் கடலின் மேல் அலை நன்றாகவே போகும். ஆனால் ஜி.எஸ்.எம். தொழில்நுட்பத்தில் சாதாரண டவர் 35 கிலோமீட்டருக்கு அப்பால் இருக்கும் போனை ஏற்காது. அவ்வளவு தூரத்திலிருந்து வரும் பதில் அதற்கு ஒதுக்கிய நேரத்துக்குள் வந்து சேராது. எவ்வளவு பெரிய கம்பெனியானாலும் இதே கணக்குதான்.

2017 நவம்பர் 30 அன்று ஓகி புயல் வந்தபோது பூந்துறை, விழிஞ்ஞம் மீனவர்கள் கடலில் இருந்தார்கள். எல்லைக்கு இந்தப் பக்கம் தூத்தூர், சின்னத்துறை, வள்ளவிளைக்காரர்களின் விசைப்படகுகள் பல நாட்களுக்கு முன்பே ஆழ்கடலுக்குப் போயிருந்தன. முந்தின நாள் வரை காற்றழுத்தத் தாழ்வாக இருந்தது மிகக் குறைந்த நேரத்தில் புயலாக மாறியது. எச்சரிக்கை வந்தபோது அதைக் கேட்க வேண்டியவர்கள் ரேஞ்சுக்கு வெளியே இருந்தார்கள். கரையில் இருந்தவர்கள் கூப்பிட்டுக்கொண்டே இருந்தார்கள். தொடர்பு எல்லைக்கு வெளியே இருப்பதாக ஒரு பெண் குரல் மூன்று மொழிகளில் சொல்லிக்கொண்டே இருந்தது. இரு மாநிலங்களிலுமாக நூற்றுக்கணக்கானவர்கள் திரும்பவில்லை. மறு ஆண்டு ஆகஸ்ட் வெள்ளத்தில் இதே கரைகளின் வள்ளங்கள் லாரிகளில் ஏற்றப்பட்டுச் செங்ஙன்னூர் பக்கம் போய் ஆயிரக்கணக்கானவர்களைக் காப்பாற்றின. வெள்ளத்தில் மாட்டிக்கொண்டவர்களுக்கு வீட்டு மாடியில் ரேஞ்ச் இருந்தது. எங்கே இருக்கிறோம் என்று சொல்ல முடிந்தது.

இந்தியாவின் முதல் ராக்கெட் 1963 நவம்பர் 21 அன்று கிளம்பிய தும்பா, பூந்துறையிலிருந்து வடக்கே அதே கரையில்தான் இருக்கிறது. அதுவும் மீனவர் கிராமம். ஓகிக்குப் பிறகு இஸ்ரோவின் நாவிக் செயற்கைக்கோள் மூலம் எச்சரிக்கை பெறும் கருவிகள் படகுகளுக்குக் கொடுக்கப்பட்டன. சேதி வரும், பதில் சொல்ல முடியாது. இருபுறமும் சேதி அனுப்பும் டிரான்ஸ்பாண்டர்களை ஒரு லட்சம் படகுகளில் பொருத்தும் திட்டம் 2024 ஆகஸ்ட் 30 அன்று தொடங்கியது. அது விசைப்படகுகளுக்கும் மோட்டார் பொருத்திய படகுகளுக்கும்.

நீரோடி தமிழ்நாட்டின் கடைசி மீனவர் ஊர். அதை ஒட்டிய பொழியூர் கேரளம். மணலில் எல்லை எது என்று அங்கே பிறந்தவர்களுக்குத்தான் தெரியும். சிறு வள்ளங்களில் போகிறவர்கள் போனைப் பிளாஸ்டிக் உறையில் சுற்றி, சட்டைப் பைக்குள் செருகிக்கொள்கிறார்கள். போனில் ஒரு தமிழ்நாட்டு சிம், ஒரு கேரள சிம். எந்த டவர் அதிக தூரம் வருகிறது என்று இவர்களைப் போலக் கணக்காகச் சொல்லக்கூடியவர்கள் எந்தக் கம்பெனியிலும் இருக்கமாட்டார்கள். கடைசிக் கோடு மறைவதற்கு முன் வீட்டுக்கு ஒரு வார்த்தை பேசிவிட்டு, போனை மறுபடி உறைக்குள் வைத்து முடிச்சுப் போடுகிறார்கள்.